இருபத்தேழு அறை வீடு

துர்க்கை துணை
சீவலப்பேரி
11.2.2024

அன்பு மகள் கலைச்செல்விக்கு,

உன் சித்தி சந்தனமாரி, கை கால் சுகத்தோடு உட்கார்ந்து எழுதுகிறேன். உன் சித்தப்பாவும் சுகம், இருமல் மட்டும் விடவில்லை. புனேயில் குளிர் எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று எழுது.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் உன் சித்தப்பா கையில் இருக்கிறது. நான் பேசினால் ஸ்பீக்கரில் போட்டு நடுவில் உட்கார்ந்துகொள்வார். எனக்கு உன்னிடம் மட்டும் சொல்ல ஒரு காரியம் இருக்கிறது.

போன வருஷம் உன் அம்மாவின் முதல் திதிக்கு வந்தபோது உன் பழைய டேப்லெட்டை எனக்கு விட்டுவிட்டுப் போனாய் அல்லவா? அதிலிருந்த ஏழு விளையாட்டில் ஆறை முடித்துவிட்டேன். சாயங்காலம் விளக்கேற்றி, திருநீறு பூசிக்கொண்டுதான் உட்காருவேன். கோயில் மாதிரி ஓர் இடத்தில் ஒருத்தன் செருப்புக் காலோடு ஓடுகிறானே, அதை மட்டும் தொடவில்லை. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

சங்கடம் என்னவென்றால், ஒரு தடவை முடித்ததை மறு தடவை ஆட முடியவில்லை. எல்லாம் ஞாபகத்தில் நிற்கிறது. கத்தரிக்கோல் திரைச்சீலைக்குப் பின்னால், சாவி பூனையின் காலடியில். படம் வருமுன்னே விரல் அங்கே போய்விடுகிறது. எல்லாம் ஞாபகம் இருக்கிறவளுக்குத் திரும்பத் திரும்ப ஆடத் தக்கதாக ஒன்று உண்டா? நீ விளையாட்டு கம்பெனியில் பிழை பார்க்கிறவள், உனக்குத் தெரியாததா?

ஒரு கூத்து கேளு. போன வாரம் உன் சித்தப்பா பாளையங்கோட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் ஓர் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக் கொண்டுவந்தார். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னாராம். "மடியில இருக்க பிள்ளைக்கு டிக்கெட் கேப்பீரா வே?" என்று இவர் கேட்டிருக்கிறார். "பிள்ளைன்னா பேரைச் சொல்லும்" என்று கண்டக்டர் சொல்ல, இவர் என் பேரைச் சொல்லிவிட்டார். பஸ்ஸே சிரித்திருக்கிறது. இப்போது அந்த ஆட்டை ஊரே சந்தனமாரி என்று கூப்பிடுகிறது. நானல்லவா திரும்பிப் பார்க்கிறேன்.

துர்க்கை உன்னைக் கண்ணில் வைத்துக் காக்கட்டும். பதிலும் கடிதமாகவே வரட்டும்.

உன் சித்தி
சந்தனமாரி


புனே
24.2.2024

அன்புள்ள சித்திக்கு,

கலைச்செல்வியின் வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். குளிர் போய்விட்டது. எண்ணெய் ஞாயிற்றுக்கிழமை மட்டும். சித்தப்பாவுக்கு இஞ்சியும் தேனும் கொடுங்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் கடிதமே எழுதியதில்லை. தபால் தலை வாங்க எபியைத் துணைக்குக் கூட்டிப்போனேன். ஆபீஸில் என் பக்கத்து மேசைக்காரி, நாசரேத்துப் பெண்.

நீங்கள் கேட்டது என்னுடைய கேள்வியும்தான். ஒரு விளையாட்டு வெளியே வருமுன் எட்டு மாதம், பத்து மாதம் அதையே நூற்றுக்கணக்கான தடவை ஆடிப் பார்ப்பது எங்கள் வேலை. எனக்கு எதுவும் மறப்பதில்லை. வீட்டுக்கு வந்து சந்தோஷத்துக்காக ஒன்றைத் திறந்தால் எல்லாக் கதவும் தெரிந்த கதவு, சலித்துப் போகிறது. "பாத்த படத்தை நீ மறுபடி பாக்கவே மாட்டியா?" என்று எபி கேட்கிறாள். மாட்டேன்.

உங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, சீட்டுக் கட்டைக் கலைத்துப் போடுவது போல ஒவ்வொரு தடவையும் பாதையே மாறிவிடும். இன்னொன்றில், நீங்கள் யாருக்கு உதவுகிறீர்களோ அதை வைத்துக் கதை வேறு பக்கம் திரும்பும். ஒரு மெமரி கார்டில் மூன்று விளையாட்டு போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

என்னிடம் மட்டும் சொல்ல வேண்டிய காரியம் என்று எழுதினீர்கள். அது என்ன என்று எழுதவில்லையே, சித்தி.

உங்கள் மகள்
கலைச்செல்வி


துர்க்கை துணை
சீவலப்பேரி
5.3.2024

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். இஞ்சிக்கு இருமல் கேட்டது. கார்டு வந்தது, எதிர்வீட்டுப் பேச்சிராஜ் அதை மாட்டிக் கொடுத்தான். மூன்றும் நல்ல விளையாட்டுதான். ஆனால் பாதை மாறுவது எனக்கு வேண்டாம், கலை. மாறாத ஒன்று அனுப்பு. என்றைக்கு ஆடினாலும் அதே வீடு, அதே கதவு, அதே சாவி. மாறினது அதுவா நானா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். தை வெள்ளிக்கிழமை துர்க்கை சந்நிதியில் நின்று போற்றி சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டு வயதிலிருந்து சொல்கிறது. பாதியில் நின்றுவிட்டது. அடுத்த வரி மட்டும் இல்லை, முன்னால் என்ன சொன்னேன் என்பதும் இல்லை. சுற்றி நின்றவர்கள் பக்தியில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்தார்கள். ஒருத்தி என் காலில் விழுந்தாள்.

உன் அம்மாவுக்கு ஐம்பத்தாறில் ஆரம்பித்தது. திருநீற்றை உப்பு டப்பாவில் கொட்டி வைத்தாள். ஒரே காலையில் மூன்று தடவை குளித்தாள். கடைசியில், கூடப் பிறந்த என்னிடமே, "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டாள். எங்கள் அம்மாவும் அப்படித்தான் போனாள். எனக்கு இந்த ஆவணியில் ஐம்பத்தாறு.

போனில் "ஆமா, ஆமா, அப்படியா" என்று சொல்லியே அக்கா ஆறு மாதம் நம்மை ஏமாற்றினாள். பேப்பரில் அது நடக்காது. அதனால்தான் கடிதம். என் கடிதங்களைப் பத்திரமாக வை. ஒன்றோடு ஒன்றை வைத்துப் படி. சொன்னதையே நான் திரும்பச் சொல்லியிருந்தால் உடனே எழுது. மறைத்தாயானால் உன் அம்மா மேல் ஆணை.

சித்தப்பாவுக்கு எதுவும் தெரியாது. அந்த மனுஷன் தாங்கமாட்டார்.

அம்மன் உனக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது.

சித்தி
சந்தனமாரி


புனே
18.3.2024

அன்புள்ள சித்திக்கு,

நான் சுகம். உங்கள் கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் பாதியில் நின்றதற்காக இவ்வளவு பயப்பட வேண்டாம்.

நீங்கள் கேட்டது போல ஒன்று அனுப்புகிறேன். விற்காமல் போன விளையாட்டு. நான் எட்டு மாதம் பிழை பார்த்தது. ஒரு பழைய வீடு, இருபத்தேழு அறை. ஒவ்வோர் அறையிலும் மூன்று கதவு, அதில் ஒன்றுதான் சரி. தப்பான கதவைத் திறந்தால் மறுபடி வாசலுக்கே வந்துவிடுவீர்கள். கடைசி அறையில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும், அதைத் தொட்டால் முடிந்தது. ஒரு கதவும் என்றைக்கும் மாறாது. எனக்கு அது மனப்பாடம், பதினைந்து நிமிடம் போதும்.

ஒரு தடவை முடித்ததும் பத்து நாள் தொடாதீர்கள். பிறகு ஆடி, எவ்வளவு நேரம் ஆனது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஞாபகம் இருந்தால் நேரம் குறைந்துகொண்டே வரும்.

ஆணை எதற்கு? சொல்கிறேன்.

கலைச்செல்வி


துர்க்கை துணை
சீவலப்பேரி
2.6.2024

அன்பு மகளுக்கு,

உன் சுகத்துக்கு எழுது. இங்கே வெயில் அடுப்பில் வைத்தது போல இருக்கிறது, ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். மற்றபடி சுகம்.

நோட்டைப் பார்த்து எழுதுகிறேன். முதல் தடவை ஒன்றே முக்கால் மணி நேரம். அடுத்தது ஐம்பது நிமிடம். அடுத்தது முப்பத்தொன்று. போன வாரம் இருபத்தாறு. நான் பட்ட பயத்தை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. உன் சித்தப்பாவும் இப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்க்கிறார். பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இருந்தாலும் அம்மனுக்கு நேர்ந்துவிட்டேன். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு இந்த வருஷம் மாலை போட்டு, பைத்தியக்காரி வேஷம் கட்டப்போகிறேன். நோய் வந்தவர்களும் வருமோ என்று பயந்தவர்களும் அந்த வேஷத்தைக் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை வாங்கிச் சந்நிதியில் சேர்த்தால், அந்தக் கலக்கத்தை முத்தாரம்மன் வாங்கிக்கொள்வாள். வேஷத்தோடு போய்விடும். உன் சித்தப்பாவிடம் நாட்டு நலனுக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு கூத்து கேளு. போன வாரம் உன் சித்தப்பா பாளையங்கோட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் ஓர் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக் கொண்டுவந்தார். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டாராம். "மடியில இருக்க பிள்ளைக்கு டிக்கெட் கேப்பீரா வே?" என்றாராம் இவர். "பிள்ளைன்னா பேரைச் சொல்லும்" என்று கண்டக்டர் கேட்க, என் பேரைச் சொல்லிவிட்டார். பஸ்ஸே சிரித்திருக்கிறது. ஊரே ஆட்டைச் சந்தனமாரி என்று கூப்பிடுகிறது.

நான் கேட்டதை மறக்காதே. என் கடிதங்களை அடுக்கி வைத்துப் பார்த்தாயா? பார்த்து எழுது.

சித்தி
சந்தனமாரி


புனே
9.7.2024

அன்புள்ள சித்திக்கு,

சுகம். வேலை அதிகம், அதனால் தாமதம்.

கடிதங்களைப் பார்த்தேன். எதையும் நீங்கள் இரண்டு தடவை எழுதவில்லை.

இருந்தாலும் ஒரு தடவை டாக்டரைப் பார்த்துவிடுங்கள். சித்தப்பாவிடம் கண் பரிசோதனை என்று சொல்லுங்கள். இந்த மாதமே போங்கள், சித்தி.

கலைச்செல்வி


துர்க்கை துணை
சீவலப்பேரி
12.8.2024

என் தங்க மகளுக்கு,

நாங்கள் சுகத்திலும் சுகம். நீ சொன்ன மாதிரியே பாளையங்கோட்டைக்குப் போனேன். நாலு வருஷம் முன்னால் உன் அம்மாவைக் காட்டின அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மா. நன்றாக நரைத்துவிட்டார்கள். உன் சித்தப்பாவை வெளியே வாழைப்பழம் வாங்க அனுப்பிவிட்டு உள்ளே போனேன்.

கடிகாரம் வரையச் சொன்னார்கள், வரைந்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். அதில் கொஞ்சம் தடுமாறினேன், எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு அவ்வளவுதான் என்றேன், சிரித்தார்கள். அப்புறம் ஐந்து வார்த்தை சொன்னார்கள். சாவி, தாமரை, ரயில், மஞ்சள், குடை. பத்து நிமிடம் வேறு என்னென்னவோ பேசிவிட்டு, அந்த ஐந்தையும் சொல்லுங்கள் என்றார்கள். வாயை மூடுமுன் சொல்லிவிட்டேன், அதே வரிசையில். உன் அம்மாவிடமும் அதே ஐந்தைத்தான் கேட்டார்கள். அவளுக்கு ஒன்றுகூட வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு நாலு வருஷம் கழித்தும் மறக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்.

டாக்டரம்மா ஞாபகம் நன்றாக இருக்கிறது, பயம்தான் அதிகம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டு விளையாட்டு போன தடவை ஐம்பத்தெட்டு நிமிடம் ஆகிவிட்டது. கரண்டு இல்லை, புழுக்கம், கவனம் சிதறிவிட்டது. கணக்கில் சேர்க்காதே.

குலசை தசராவுக்குப் பேச்சிராஜ் செட்டோடு, அந்த வேஷக் கூட்டத்தோடு போகிறேன். உனக்கும் சேர்த்துத்தான் நேர்ந்திருக்கிறேன்.

உடனே எழுது.

சித்தி
சந்தனமாரி


துர்க்கை துணை
சீவலப்பேரி
16.10.2024

அன்பு மகளுக்கு,

ஆகஸ்டில் எழுதினதற்கு உன் பதில் இல்லை. சுகமாக இருக்கிறாயா? படுத்தபடியே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

குலசைக்குப் போனேன். செட்டில் பதினெட்டுப் பேர். காளி, ராஜா, குரங்கு, கரடி. நான் பைத்தியக்காரி. கிழிந்த சேலை, அவிழ்த்த தலை, கழுத்தில் காலி டப்பா மாலை, முகத்தில் கரி. பத்து நாளும் ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கினோம். நான் சிரித்தால் பிள்ளைகள் ஓடின. பேச்சிராஜ், "சித்தி, நீங்க இப்படி நடிப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா முன்னமே கூட்டியாந்திருப்பேன்" என்றான். எனக்கும் பெருமைதான்.

கடைசி நாள் மத்தியானம். கடலில் கால் நனைத்துவிட்டுத் திரும்பினேன். இரண்டு பந்தலுக்கு நடுவில் ஒரு சந்து. அதில் நுழைந்து வெளியே வந்தேன். அவ்வளவுதான், கலை. என்ன இடம், எந்த ஊர், யாரோடு வந்தேன், ஏன் என் சேலை கிழிந்து கிடக்கிறது, ஒன்றும் இல்லை. டப்பாக்கள் சத்தம் போடுகின்றன, அது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. வளையல் கடைக் கண்ணாடியில் கரி பூசின ஒருத்தி வந்தாள். பயந்து அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினேன்.

சுண்டல் விற்கிறவரிடம் போய், "அண்ணாச்சி, நான் எந்த ஊரு? எங்கூட வந்தவுக எங்க?" என்று கேட்டேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "நல்லா நடிக்கியே தாயி" என்று என் தட்டில் காசு போட்டார். "நடிக்கலைய்யா, நெசமாத்தான் கேக்கேன்" என்றேன். கூட்டம் கூடிவிட்டது. நான் அழுதேன். அழ அழத் தட்டு நிறைந்தது. ஒருத்தி என் காலைத் தொட்டுத் தன் பிள்ளையின் தலையில் வைத்தாள். ஒருத்தன் போனில் படம் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பச் சொன்னான்.

தூரத்தில் ஒரு போலீஸ்காரர் லத்தியோடு வந்தார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஐயா, என்னை வீட்டுல கொண்டு விடுங்க" என்றேன். அவர் குனிந்து பையச் சொன்னார்: "ஆத்தா, நானும் வேஷந்தான். உடன்குடியில தையக்கடை வச்சிருக்கேன்."

இங்கே எது நிசம், யாரைக் கேட்பது?

ஆனால் அந்த மனுஷன்தான் கண்டுபிடித்தார். என் கையை விடுவிக்கப் பார்த்தவர், முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். "ஆத்தா, நெசமாவே தெரியலியா?" என்றார். நிழலில் உட்கார வைத்துச் சோடா வாங்கிக் கொடுத்தார். பேர் கேட்டார். எவ்வளவு நேரம் யோசித்தேனோ, ஒரே ஒரு பேர்தான் வாயில் வந்தது. அதை மைக்கில் சொல்லச் சொன்னார். "சுடலைவடிவு என்ற அம்மா இங்கன இருக்காங்க, கூட வந்தவங்க வாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

உன் அம்மா பேரைச் சொல்லியிருக்கிறேன்.

வேன் பக்கத்தில் நின்று செட்டே என்னைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தப் பேர் மற்றவர்களுக்கு யாரோ. செத்து இரண்டு வருஷமான மதினியின் பேரை மைக்கில் கேட்டு உன் சித்தப்பா மட்டும் ஓடிவந்தார். அவர் கை தோளில் பட்டதும் எல்லாம் திரும்பிவிட்டது, விளக்கு போட்ட மாதிரி. தன் துண்டை நனைத்து என் முகத்துக் கரியைத் துடைத்தார்.

எந்த நிமிடத்தில் வேஷம் முடிந்து நிசம் ஆரம்பித்தது என்று சுற்றி நின்ற அத்தனை பேரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை, கலை.

நீ என்னிடம் நிசத்தைத்தான் எழுதினாயா? இன்னொரு தடவை பார்த்துச் சொல்.

சித்தி
சந்தனமாரி


புனே
23.10.2024

சித்திக்கு,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நான் பொய் எழுதினேன். ஆட்டுக்குட்டிக் கதையைப் பிப்ரவரியிலும் எழுதினீர்கள், ஜூனிலும் எழுதினீர்கள். இரண்டிலும் போன வாரம் நடந்தது என்றுதான் இருக்கிறது.

டாக்டர் கேட்ட ஐந்து வார்த்தையும் சோதனையே இல்லை. அந்த ஐந்தையும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வருஷம் முன்பே கேட்டவர் நீங்கள். பழையது மறக்காது, அம்மாவுக்கும் பழையது மறக்கவில்லை. புதிதாகச் சொன்னது நிற்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்த உடனே எனக்கு இது தெரியும். தெரிந்தும் இரண்டு மாதம் எழுதாமல் இருந்தேன். அதற்குள் உங்களைக் குலசையில் தனியாக நிற்க விட்டுவிட்டேன்.

உங்களுக்காகப் பயந்து மறைத்தேன் என்றால் அது இன்னொரு பொய். பாட்டி, அம்மா, இப்போது நீங்கள். அடுத்தது யார் என்று எண்ண எனக்குத் தெரியும். எல்லாம் ஞாபகம் இருப்பதால் எதையும் திரும்ப ஆட முடியவில்லை, சலிக்கிறது என்று எழுதினேனே. அம்மாவுக்கு வந்த நாளிலிருந்து தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் ஒரு பழைய விளையாட்டைத் திறக்கிறேன். சந்தோஷத்துக்கு இல்லை. அந்தச் சலிப்பு வருகிறதா என்று பார்க்க. வந்தால்தான் சோறு இறங்குகிறது.

தீபாவளிக்கு வருகிறேன். வேறு டாக்டரிடம் போவோம், வேறு வார்த்தைகள் கேட்கச் சொல்வோம். சித்தப்பாவிடம் நானே சொல்கிறேன்.

கலைச்செல்வி


துர்க்கை துணை
சீவலப்பேரி
20.11.2024

அன்பு மகளுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாய் என்று சித்தப்பா சொன்னார். நாங்கள் சுகம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

மதுரையில் என் மூளையைப் படம் பிடித்ததைப் பெரிய டாக்டர் நம் மூன்று பேருக்கும் காட்டினார் அல்லவா? நீ அழாமல் இருந்தாய். உன் சித்தப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். எனக்கு அந்தப் படம் காய்ந்த அக்ரூட் பருப்பு மாதிரி இருந்தது. மாத்திரை இரண்டு வேளையும் சாப்பிடுகிறேன். டப்பாவில் சித்தப்பா போட்டு வைக்கிறார்.

ஆணையை மீறினாய் என்று இரண்டு நாள் கோபம் இருந்தது. அப்புறம் நினைத்துப் பார்த்தேன். அக்கா என்னை யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டாளே, அதை உன்னிடம் நான் ஒரு வருஷம் சொல்லவில்லை.

ஞாபகம் இருக்கிறபோதே இரண்டு காரியம் சொல்கிறேன். ஒன்று, இனிமேல் நான் சொன்னதையே சொன்னால் நீ சொல்ல வேண்டாம். பயம் என்னவென்று தெரிந்துவிட்டது, தினமும் அதன் முகத்தைப் பார்க்க வேண்டாம். புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொள். இரண்டு, அந்தப் பழைய விளையாட்டுகளைத் திறந்து உன்னைச் சோதிப்பதை விடு. நீ செய்வது விளையாட்டு இல்லை, தினம் தினம் ரத்தம் எடுத்துப் பார்ப்பது. முப்பத்து மூன்று வயதில் அது எதற்கு? எனக்குச் சத்தியம் செய்து எழுது.

உன் சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுது.

சித்தி
சந்தனமாரி


துர்க்கை துணை
சீவலப்பேரி
8.6.2025

அன்பு மகள் கலைச்செல்விக்கு,

உன் சித்தி எழுதுகிறேன். நாங்கள் சுகம். நீ சுகமா? சாப்பிடுகிறாயா? தலைக்கு எண்ணெய் வை.

உனக்குத் திரும்ப ஆட நல்ல விளையாட்டே கிடைக்கவில்லை என்று எப்போதோ சொன்னாய். எனக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. ஒரு பழைய வீடு, நிறைய அறை, ஒவ்வோர் அறைக்கும் மூன்று கதவு. தப்பான கதவைத் திறந்தால் மறுபடியும் வாசலில் கொண்டு விட்டுவிடுகிறது. நேற்று மத்தியானம் உட்கார்ந்தவள் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எழுந்தேன். கடைசியில் என்ன இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். அழகாக இருக்கிறது.

உன் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டே பார்த்தார். என் விரல் தப்பான கதவுப் பக்கம் போனால் அவருக்கு மூச்சு நின்றுவிடுகிறது. "உங்களுக்கு வழி தெரியுமா?" என்று கேட்டேன். "நான் எங்க கண்டேன், நீ பைய ஆடு" என்றார். முடித்ததும் நான் கைதட்டினேன். அவர் முகம் கழுவக் கொல்லைக்குப் போய்விட்டார்.

ஒரு நோட்டில் என் கையெழுத்து மாதிரியே யாரோ இந்த விளையாட்டைப் பத்தொன்பது தடவை முடித்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். கேலிக்குச் செய்திருப்பார்கள்.

நீ இதை ஆடியிருக்க மாட்டாய். கார்டில் போட்டு அனுப்பப் பேச்சிராஜிடம் கொடுத்திருக்கிறேன். உனக்குப் பிடிக்கும்.

துர்க்கை காப்பாள்.

சித்தி
சந்தனமாரி


புனே
22.6.2025

அன்புள்ள சித்திக்கு,

கலைச்செல்வியின் வணக்கம். நான் சுகம், வேளைக்குச் சாப்பிடுகிறேன், எண்ணெய் வைக்கிறேன். உங்களையும் சித்தப்பாவையும் பார்க்க அடுத்த மாதம் வருகிறேன்.

கார்டு வந்தது. இப்படி ஒரு விளையாட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. அனுப்பியதற்கு மிகவும் நன்றி. உங்களுக்குக் கொடுத்த சத்தியப்படி ஏழு மாதமாக எதையும் திறக்காமல் இருந்தேன். இது நீங்கள் அனுப்பியது என்பதால் நேற்று ஆபீஸ் விட்டு வந்ததும் திறந்தேன்.

நல்ல வீடு, சித்தி. பன்னிரண்டாவது அறை வரைக்கும் நிற்காமல் போய்விட்டேன். அந்த அறையில் மூன்று கதவும் ஒன்று போலவே இருக்கிறது அல்லவா? அங்கே நின்றேன். எந்தக் கதவு என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் மனசுக்காகச் சொல்லவில்லை. வெகுநேரம் நின்றேன். பிறகு நடுக்கதவைத் திறந்தேன். வாசலுக்கு வந்துவிட்டேன்.

சித்தப்பாவுக்கு இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம்.

நீங்கள் சொன்னது சரி. திரும்பத் திரும்ப ஆடுவதற்கு எனக்கும் ஒன்று கிடைத்துவிட்டது.

உங்கள் மகள்
கலைச்செல்வி